பத்து நிமிட ரோமாபுரியா, ஐந்து ரீல் முழுப்படமா?

பழைய ஹாலிவுட் பிரம்மாண்டப் படங்களின் வீட்டுப் பிரிண்ட் (வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் ஃபிலிம் பிரதி) ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, இணைய ஏலங்களின் முன்னால் மணிக்கணக்கில் முழிக்கும் நண்பர்கள் எனக்கு மூன்று நான்கு பேர் உண்டு. இருநூறு அடிச் சுருள், நானூறு அடிச் சுருள், மூன்று பெட்டித் தொகுப்பு, மரப்பெட்டியில் அடைத்த 16 எம்.எம். ரீல்கள் என்று வரிசையாக வரும். விலை ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போகும். "எதைத்தான் வாங்குவது?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இந்தச் சரக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வீடியோ வருவதற்கு முன், தியேட்டரில் பார்த்த படத்தை வீட்டில் மறுபடி பார்க்க இருந்த வழி 8 எம்.எம். அகல ஃபிலிமை ஓட்டும் புரொஜெக்டர்தான். அதற்காகவே படங்களை வெட்டிச் சுருக்கி, வண்ண அட்டைப்பெட்டியில் போட்டுக் கடைகளில் விற்றார்கள். அமெரிக்காவில் காஸில் ஃபிலிம்ஸ் 1937-இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்த செய்திப்படத்தை வைத்து இந்தத் தொழிலில் இறங்கியது. 1947-இல் அது யுனிவர்சலின் கைக்குப் போனது, 1977-இல் யுனிவர்சல் 8 என்று பெயர் மாறியது, 1984-இல் மூடப்பட்டது. நியூ ஜெர்சியில் கென் ஃபிலிம்ஸ், இங்கிலாந்தின் டட்லியில் டெரான் என்று இன்னும் பலர் இருந்தார்கள். டெரான் 2011 வரை தாக்குப்பிடித்தது. இன்று கிடைப்பது கிட்டத்தட்ட எல்லாமே பழைய சரக்கு. யாரோ ஒருவரின் பரணிலிருந்து இறங்கியது.

## முதலில் கணக்கு

பெட்டியின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அடியைப் பாருங்கள். 8 எம்.எம். ஃபிலிமின் பிற்கால வடிவமான சூப்பர் 8-இல் ஓர் அடிக்கு 72 படங்கள், அதாவது பிரேம்கள். நொடிக்கு 24 படம் என்று ஓட்டினால் ஓர் அடி மூன்று நொடி, இருபது அடி ஒரு நிமிடம். இந்தக் கணக்கை 212 நிமிடம் ஓடும் 1959-ஆம் வருட பென்-ஹர் அளவுள்ள ஒரு படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்:

| வடிவம் | ஓடும் நேரம் | மூலப் படத்தில் எவ்வளவு |
|---|---|---|
| சூப்பர் 8, 50 அடி | 2½ நிமிடம் | 85-இல் ஒரு பங்கு |
| சூப்பர் 8, 200 அடி | 10 நிமிடம் | 21-இல் ஒரு பங்கு |
| சூப்பர் 8, 400 அடி | 20 நிமிடம் | பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு |
| சூப்பர் 8, 400 அடி மூன்று சுருள் | 60 நிமிடம் | கால் பங்குக்குச் சற்று மேல் |
| 16 எம்.எம். முழுப்படம் (1600 அடி ரீல் ஐந்து) | 212 நிமிடம் | முழுசாக |

மௌனப் பிரிண்டை நொடிக்கு 18 படமாக ஓட்டுவது வழக்கம் என்பதால் அதே இருநூறு அடி பதின்மூன்று நிமிடத்துக்கு வரும். காஸில் ஃபிலிம்ஸ் தன் பெட்டிகளில் 50 அடியைத் 'தலைப்புச் செய்திப் பதிப்பு' என்ற பொருளிலும், இருநூறு அடிக்குக் கொஞ்சம் குறைவான சுருளை 'முழுப் பதிப்பு' என்றும் அச்சிட்டது. பத்து நிமிடத்துக்கு முழுப் பதிப்பு என்று பெயர் வைத்த தைரியத்தை நான் ரசிக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம் ஒன்று. அது அட்டவணையில் இருக்கிறது. மற்றவை பெட்டியில் எழுதியிருக்காது.

அகலம். மற்ற படங்களுக்கு இது சின்ன விஷயம், பிரம்மாண்டப் படங்களுக்குப் பெரிய விஷயம். தொலைக்காட்சியிடமிருந்து கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுக்கத்தான் ஐம்பதுகளில் திரையை அகலமாக்கினார்கள். பென்-ஹர் எடுத்த எம்.ஜி.எம். கேமரா 65 என்ற அகலத்திரை முறையின் படம் உயரத்தைப் போல 2.76 மடங்கு அகலம். சூப்பர் 8 பிரேமோ கிட்டத்தட்ட பழைய டிவி பெட்டியின் வடிவம். அந்த அகலத்தை இந்தச் சதுரத்துக்குள் வெட்டி அடைத்தால் படத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். தேரில் பூட்டியவை நான்கு குதிரைகள், இரண்டைத்தான் பார்ப்பீர்கள். 1956-இன் டென் கமாண்ட்மென்ட்ஸ் விஸ்டாவிஷன் என்ற முறையில் எடுத்தது, அகலம் 1.85 மடங்குதான் என்பதால் இழப்பு கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆக, எந்தப் படம் என்பதை விட அந்தப் படம் எந்த வடிவத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் தேடிப் பாருங்கள். ஸ்கோப் பிரிண்ட் என்று தனியாகச் சில உண்டு. அவற்றில் படம் பக்கவாட்டில் நெருக்கப்பட்டிருக்கும், விரித்துக் காட்ட தனி லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸின் விலை பல நேரம் பிரிண்டின் விலையைத் தாண்டும்.

நிறம். 1982 வாக்கில் கோடாக் நிறம் நீடிக்கும் பிரிண்ட் ஸ்டாக்கை (பிரதி அச்சிடும் ஃபிலிமை) கொண்டுவருவதற்கு முன் அச்சான ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்களில் மற்ற சாயங்கள் வெளுத்து மெஜந்தா மட்டும் தங்கும். செங்கடல் பிளக்கும்போது கடல், வானம், மோசஸின் தாடி எல்லாமே ரோஸ் பவுடர் பூசிய மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லை. அது வெள்ளித் துகள், சாயமில்லை.

வாடை. ஃபிலிமின் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைய ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கும், நெளியும், கடைசியில் புரொஜெக்டரில் ஃபிலிம் ஓடும் வாசலான 'கேட்'டில் மாட்டாது. பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளையும் அந்த ஆவி கெடுக்கும். ஒலிக்காக ஓரத்தில் பூசிய காந்தப் பட்டையில் இரும்பு ஆக்சைடு இருப்பதால், ஒலி உள்ள பிரிண்டில் இந்தச் சிதைவு வேகமாக நடக்கலாம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி ஈரக் காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் இதை நிறத்தை விடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டும் செலவு. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

## இருநூறு அடி: கதை முழுக்க, பத்தே நிமிடத்தில்

ஏலத்தில் மலிவாக, ஏராளமாகக் கிடைப்பது இதுதான். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில்தான் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான்.

பயமுறுத்தும் படங்களுக்கும் நகைச்சுவைக்கும் இந்த நீளம் பிரமாதமாகப் பொருந்தும். அரக்கன் எழுந்தான், ஊர் துரத்தியது, முடிந்தது. மூன்றரை மணி நேரக் காவியத்துக்கு இது சரிப்படாது. பத்து நிமிடத்தில் பிறப்பு, துரோகம், அடிமைத்தனம், பழி, மன்னிப்பு என்று ஓடினால் யார் யாரை எதற்காக அடிக்கிறார்கள் என்று விளங்காது. இசையும் வசனமும் ஒன்றாகக் கலந்த ஒலித்தடத்தை வெட்டுவதால் ஒவ்வொரு வெட்டிலும் இசை தடுக்கி விழும். சில பதிப்புகளில் இடையில் ஒரு குரல் வந்து கதை சொல்லிச் சமாளிக்கும். மௌனப் பதிப்பில் எழுத்து அட்டைகள் அந்த வேலையைச் செய்யும். என் காதுக்கு அட்டைகளே மேல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸை கென் ஃபிலிம்ஸ் இருநூறு அடியில் கறுப்பு வெள்ளை மௌனமாகவும் விற்றது, வண்ணத்தில் ஒலியோடும் விற்றது. காசில்லாதவர்கள் மௌனத்தை வாங்கினார்கள். இன்று அந்த வண்ணப் பிரிண்ட்களில் பல சிவந்து கிடக்க, ஏழை வீட்டுப் பிரிண்ட் அன்று போலவே கருகருவென்று ஓடுகிறது.

எப்போது வாங்கலாம்? பெட்டியின் ஓவியத்துக்காக என்றால் தாராளமாக. புரொஜெக்டர் ஓட்டிப் பழக, அறுந்த ஃபிலிமை ஒட்டுப் போட்டுப் பழக ஒரு சுருள் வேண்டும் என்றாலும் சரி. இப்படி வெட்டித் தள்ளும் கலையே உங்களுக்குப் பிடிக்குமென்றால் கட்டாயம் வாங்குங்கள். எதை விட்டார்கள் என்று பார்ப்பது தனிச் சுகம். டென் கமாண்ட்மென்ட்ஸ் தொடங்கும் முன் இயக்குநர் டிமில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நம்மிடம் பேசுவாரே, சுருக்குகிறவன் கத்திரியை எடுத்தால் முதலில் போவது அவர்தான்.

## நானூறு அடி, ஒரே காட்சி

என் ஓட்டு இதற்குத்தான்.

கதையைச் சுருக்காமல், ஒரு பெரிய காட்சியை மட்டும் எடுத்து அதை முழுதாக விட்டுவிடும் சுருள்கள் உண்டு. தேரோட்டம், கடற்போர், நகரம் எரிவது இந்த மாதிரி. பென்-ஹரின் தேரோட்டம் திரையில் ஓடுவது ஏறக்குறைய ஒன்பது நிமிடம். அணிவகுப்பு, புறப்பாடு, முடிவு எல்லாம் சேர்த்தாலும் இருபது நிமிடத்துக்குள் மூச்சு வாங்காமல் அடங்கும். இயக்குநர் வைத்த வெட்டுகள் அப்படியே இருக்கும், இசை தடுக்காது.

ஊரில் துண்டு ஃபிலிம் சேர்த்தவர்களுக்கு இந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை. பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, வேட்டியில் ஒற்றைப் பிரேமை விழவைத்தபோது யாரும் கதையைக் கேட்கவில்லை. எம்.ஜி.ஆர். வாள் பிடித்த பிரேம் இருக்கிறதா என்றுதான் கேட்டோம்.

குறைகள் உண்டு. அகலம் இங்கேதான் அதிகமாக உறுத்தும், ஏனென்றால் பெரிய காட்சிகள்தான் அகலத்தை நம்பி எடுக்கப்பட்டவை. ஸ்கோப்பில் கிடைத்தால் லென்ஸ் செலவையும் சேர்த்து யோசித்து, முடிந்தால் அதையே வாங்குங்கள். இன்னொன்று, எல்லோருக்கும் பிடித்த காட்சி என்பதால் முந்தைய சொந்தக்காரரும் அதைத் தேய ஓட்டியிருப்பார். படம் முழுக்கக் கீறல் மழை பெய்யும். காந்தப் பட்டை அங்கங்கே உரிந்திருந்தால் ஒலி மூச்சுத் திணறும். அப்புறம், 'ஒரே காட்சி' என்று நம்பி வாங்கிய சுருள் பிரித்தால் சுருக்கமாக இருப்பதும் நடக்கும். பெட்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருப்பார்கள். விற்பவரிடம் முதல் பிரேமையும் கடைசிப் பிரேமையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

## மூன்று பெட்டித் தொகுப்பு

ஒரு மணி நேரம். இந்த நீளத்தில்தான் சுருக்கம் ஒரு படமாக நிற்கத் தொடங்கும். துணைப் பாத்திரங்கள் காணாமல் போனாலும் நாயகனின் பாதை புரியும். வீட்டில் நான்கு பேரைக் கூட்டி உட்காரவைத்துக் காட்ட இதுவே சரி. ரீல் மாற்றும் இடைவேளையில் முறுக்கு, காபி.

மறைந்திருக்கும் தொல்லை நிறத்தில் வரும். மூன்று சுருளும் ஒரே நாளில் அச்சானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் பாகம் பரவாயில்லை, இரண்டாம் பாகம் சிவப்பு, மூன்றாவது மறுபடி பரவாயில்லை என்று அமைந்தால் பார்க்கச் சகிக்காது. தனித்தனியாக வாங்கிச் சேர்க்கப் போனால் இரண்டாம் பாகம் மட்டும் வருடக்கணக்கில் கண்ணில் படாது. நான் ஒரு தொகுப்பில் முதலையும் மூன்றையும் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறேன். நாயகன் சிறைப்படுகிறான், அடுத்த நொடி கிரீடத்தோடு வருகிறான். நடுவில் என்ன நடந்ததோ, இயேசுவுக்கே வெளிச்சம்.

மொத்தமாக மூன்றும் ஒரே பெட்டியில், ஒரே சொந்தக்காரரிடமிருந்து வந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு நல்ல நானூறு அடிச் சுருள் இரண்டு வரும்.

## 16 எம்.எம். முழுப்படம்

"சுருக்கம் எதற்கு, முழுசையே வாங்கிவிட்டால்?" என்பது நியாயமான கேள்வி. படத்தின் தரத்தில் சூப்பர் 8 இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பிரேமின் பரப்பளவே சுமார் மூன்று மடங்கு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 212 நிமிடத்துக்கு 7,632 அடி, ஐந்து பெரிய ரீல்கள். எடை பத்துக் கிலோவுக்குக் குறையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் கட்டணம் படத்தின் விலையோடு போட்டி போடும், சுங்கம் தனி. ஐந்தில் ஒரு ரீல் காடி வாடை அடித்தாலும் மொத்தமும் வீண்.

சட்ட விஷயமும் இருக்கிறது. சுருக்கப் பதிப்புகள் வீட்டில் பார்ப்பதற்கென்றே கடையில் விற்கப்பட்டவை. காசு கொடுத்தவருக்குச் சொந்தம். 16 எம்.எம். முழுப்படங்களில் பெரும்பகுதி வாடகைக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுக்கப்பட்டவை. அவை தனியார் கைக்கு எப்படி வந்தன என்று எழுபதுகளில் ஸ்டுடியோக்கள் கேட்க ஆரம்பித்தன. 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவலின் வீட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து அவருடைய பிரிண்ட்களையும் டேப்களையும் அள்ளிக்கொண்டு போனது. கடைசியில் அவர் மேல் வழக்குத் தொடரவில்லை. 1963-இன் கிளியோபாட்ராவில் ஆக்டேவியனாக ரோமாபுரியையே ஆண்டவர், சேகரித்த ரீல்களுக்காக வீட்டில் சோதனைக்கு ஆளானார். இன்று யாரும் உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. ஆனாலும் ஊர் கூட்டித் திரையிடும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். வீட்டு உபயோகத்துக்கு விற்ற பிரிண்டுக்கும் பொதுத் திரையிடல் உரிமை கிடையாது.

தனி அறை, குளிர்சாதனம், ஒரு சினிமா சங்கம், தூக்க நான்கு கை, இத்தனையும் இருப்பவருக்கு இது பொருந்தும். பிளாட்டில் இருப்பவருக்கு வேண்டாம்.

## யாரும் கேட்காத ஐந்தாவது வழி

மௌனப் படக் காலத்துக் காவியங்கள். அயோவாவின் டாவென்போர்ட்டில் இருந்த பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ், மௌனப்பட இயக்குநர் கிரிஃபித் காலத்துப் படங்களைச் சுருக்காமல் 8 எம்.எம்.மில் விற்றது. கறுப்பு வெள்ளை என்பதால் சிவக்காது. ஒலியே இல்லாத பிரிண்ட் என்றால் காந்தப் பட்டையும் இல்லை. படமே பழைய சதுர வடிவில் எடுத்தது என்பதால் அகலமும் போகாது. மேலே சொன்ன அளவுகோல்களில் ஒவ்வொன்றிலும் இதுதான் தேறுகிறது. வண்ணப் பாலைவனமும் கூட்டுப்பாடலும் தான் வேண்டும் என்பவர்களுக்கு இது ருசிக்காது, அவ்வளவுதான்.

பென்-ஹர் கதையை முதலில் படமாக்கியதே 1907-இல், கேலம் கம்பெனி, ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில். நாவலுக்கு உரிமையும் வாங்கவில்லை. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அதாவது முழுப்படம் பிறக்கும் முன்பே சுருக்கம் பிறந்துவிட்டது.

சுருக்கங்களை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 1954-இல் லண்டனில் பள்ளி மாணவனாக இருந்த கெவின் பிரவுன்லோ, பத்தே-பேபி (Pathé-Baby) என்ற 9.5 எம்.எம். வீட்டு வடிவில் பிரெஞ்சு இயக்குநர் ஏபெல் கான்ஸின் நெப்போலியன் மௌனப் படத்தின் இரண்டு வீட்டுச் சுருள்களை வாங்கினார். மீதி எங்கே என்று தேடத் தொடங்கியவர் அந்தப் படத்தை மீட்டெடுப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

## ஓட்டும் செலவு

பிரிண்ட் வாங்கும் காசில் பாதியைப் புரொஜெக்டருக்கென்று முன்பே ஒதுக்கிவிடுங்கள். பழைய மெஷின்களில் ரப்பர் பெல்ட் பிசினாக உருகியிருக்கும் அல்லது இறுகி வெடித்திருக்கும். எழுபதுகளின் சில 16 எம்.எம். மெஷின்களில் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டு நின்றுபோவது எல்லோருக்கும் தெரிந்த நோய். பல்பு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினை வாங்குங்கள். 12 வோல்ட் 100 வாட் ஹாலஜன் போடும் மெஷின் என்றால் பெரிதாகக் கவலையில்லை.

அமெரிக்க மெஷின் மலிவாக வருகிறதே என்று தாவ வேண்டாம். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பிச் சுழலும் மோட்டார் என்றால் 24 படத்துக்குப் பதில் நொடிக்கு 20 படமே ஓட்டும். சீசர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். ஐரோப்பிய மெஷினாகப் பாருங்கள், அல்லது மோட்டார் கப்பியை மாற்றத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

வந்த சுருளை அன்றே ஓட்டாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றி ஒட்டுகளைத் தடவிப் பாருங்கள். பழைய ஒட்டுகள் காய்ந்து கையோடு வரும். சந்தேகமிருந்தால் டப்பாவுக்குள் ஏ-டி ஸ்ட்ரிப் (அமிலம் பட்டால் நிறம் மாறும் தாள்) போட்டு வையுங்கள். நீலம் பச்சையானால் அமிலம் தொடங்கிவிட்டது, மஞ்சளானால் மோசம். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அலமாரியில் வைக்க வேண்டும்.

விற்பவரிடம் காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியது: வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்த பிரேமின் படம், சுருளின் நடுவிலிருந்து. லீடருக்கு (சுருளின் தொடக்கத்தில் வரும் வெற்று ஃபிலிமுக்கு) பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பினால் மறுபடி கேளுங்கள். 16 எம்.எம். என்றால் ஓரத்தில் நிறம் நீடிக்கும் அந்தக் கோடாக் ஸ்டாக்கின் குறியான 'எல்.பி.பி.' (LPP) என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்று எழுத்து இருந்தால் செங்கடல் இன்னும் நீலமாக இருக்க வாய்ப்புண்டு.